பதினெட்டு வர்ணத்துக்கு அடியில்

கலைவாணி போன் செய்தபோது நான் செய்யூரில் ஒரு வயற்கிணற்று மேட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்க கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“மாமா, ஞாயித்துக்கிழம அத்தைய இட்டுகினு வா. அப்பா கடைய காலி பண்றோம். வைஸ மேஜையிலேர்ந்து கழட்டிட்டேன். பெயிண்ட சொரண்டி, அத யார் செஞ்சது, எவ்ளோ பழசுன்னு கண்டுபுடிக்கணும். அப்புறம் அத எங்க வூட்டு ஹால்ல வைக்கப் போறேன்.”

“சரிம்மா” என்றேன்.

அதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. போனை வைத்த பிறகுதான் அவள் கேட்டது என்னவென்று புரிந்தது. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மோட்டாருக்குச் சொந்தக்காரர் வந்து, “இன்னா ஏழுமல, காயில் போயிடுச்சா?” என்று கவலையோடு கேட்டார். காயில் நன்றாகத்தான் இருந்தது.

கலைவாணி என் மனைவி தனத்தின் அண்ணன் மகள். படூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா கன்னியப்பன், என் மச்சான். திருவிடந்தையில் சாலையோரம் ஃபிட்டர் கடை வைத்திருந்தவன். படகு எஞ்சின், ஓட்டல்களின் தண்ணீர் மோட்டார், கேட்டுக்குக் கீல் என்று எது வந்தாலும் பார்ப்பான். போன வருஷம் பக்கவாதம் வந்து அவனுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. “வாய் போயிட்டு கை தங்கியிருந்தா எல்லாருக்கும் நிம்மதி” என்று தனம் அவன் எதிரிலேயே சொல்வாள். அவனும் சிரிப்பான்.

வைஸ் என்றால், ஓர் இரும்புத் துண்டை ராவவோ அறுக்கவோ வேண்டும்போது அதை அசையாமல் பிடித்துக்கொள்கிற கருவி. மேஜையில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு தாடைகளும் நெருங்கிவந்து கவ்வும். ஃபிட்டர் வேலை செய்கிறவனுக்கு அது மூன்றாவது கை.

கன்னியப்பனின் வைஸைப் பற்றித்தான் எனக்குப் பயம். அது திருட்டு வைஸ் என்று நான் இருபத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்கு போல்ட்

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நாலு பேர் எதிரில் வாயே திறக்காத ஆளுக்குப் பெண் எப்படிக் கிடைத்தது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. அதனால்தான் இந்த வாரம் வரிசையை விட்டு இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். செங்கல்பட்டில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பட்டறை இருந்தது. நானும் கன்னியப்பனும் அங்கேதான் வேலை பார்த்தோம். அவன் எனக்கு நான்கு வருஷம் மூத்தவன். முதலாளி சுமாரான மனிதர். ஆனால் ஒரு வைஸ் வைத்திருந்தார். அதைத் தன் பெண்டாட்டியைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். “வெள்ளக்காரன் வைஸு” என்பார். அதில் இருந்த எழுத்தை யாரும் படித்ததில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதன்மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒரு கை அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடிப்போயிருந்தது. சாம்பல் நிறம் தவிர வேறு நிறம் அந்தப் பட்டறைக்குள் வரக் கூடாது. ஏன் என்று கேட்டால், “அதான் மெஷினு கலரு” என்பார்.

ஒரு நாள் வளைந்த தண்டு ஒன்றை நிமிர்த்துவதற்காக, வைஸின் பின்பக்கத்து மேடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். அந்த மேடை லேசாகத் தட்டுவதற்குத்தான். நான் ஓங்கி அடித்தேன். வார்ப்பு இரும்பு அல்லவா, வலதுபக்கத்து மூலை விரல் அகலத்துக்கு உடைந்து கீழே விழுந்தது.

அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கன்னியப்பன் வந்து பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸ் வெல்டிங்கைப் பற்றவைத்து, உடைந்த துண்டைப் பித்தளை உருக்கி ஒட்டினான். அரத்தால் சமப்படுத்திச் சாம்பல் பெயிண்டைத் தடவினான். முதலாளி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“உள்ள மஞ்சக் கோடு ஒண்ணு கீது. அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். பொத்திகினு இரு” என்றான்.

பொத்திக்கொண்டு இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தால் வைஸ் இல்லை. மேஜைமேல் நான்கு போல்ட்டும் நான்கு நட்டும் வரிசையாகக் கிடந்தன. கதவு உடைபடவில்லை. சாவி முதலாளியிடம் ஒன்று, கன்னியப்பனிடம் ஒன்று. தனியாகக் கடை போடப் போகிறேன் என்று கன்னியப்பன் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான்.

முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். “ஞாயித்துக்கிழம இவன எவனாவது பாத்தீங்களாடா?”

நான் பார்த்திருந்தேன்.

சாக்கு மூட்டை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். கன்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கேரியரில் ஒரு சாக்கு மூட்டை. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சின்ன மூட்டைதான், ஆனால் நல்ல கனம் என்பது அவன் சைக்கிளைத் தள்ளின விதத்திலேயே தெரிந்தது. பின்சக்கரம் அமுங்கியிருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. யாரையும் சாலையில் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை.

முதலாளி கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் “பாக்கல” என்றார்கள். நான் அதுகூடச் சொல்லவில்லை.

சாட்சி இல்லாததால் போலீஸ் வரை போகவில்லை. ஆனால் பட்டறையைச் சுற்றி எல்லோர் வாயிலும் கன்னியப்பன் வைஸ் திருடன் ஆனான். அன்றைக்கே சாவியை வீசிவிட்டுப் போய்விட்டான். பிறகு திருவிடந்தையில் கடை போட்டான். செய்யூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து அவனாகவே ஆள் அனுப்பி, தங்கை தனத்தை எனக்குக் கொடுத்தான்.

நான் அதைக் கைம்மாறு என்று நினைத்துக்கொண்டேன். மூட்டையைப் பார்த்தும் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்காக.

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவன் கடைக்குப் போனபோது அங்கே ஒரு வைஸ் இருந்தது. அதே அளவு, அதே வாட்டம். பளபளவென்று நீல நிறம் அடித்திருந்தது. கலைவாணி பிறந்த சமயத்தில் சென்னையில் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாகச் சொன்னான். நான் தலையாட்டினேன். அதன் பின்பக்கத்து வலது மூலையை மட்டும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவன் அதற்கு ஒரு நிறம் அடிப்பான். படகுக்கு அடித்ததில் மிச்சமான பச்சை, கோயில் கேட்டுக்கு அடித்த வெள்ளி, எவன் வீட்டு ஜன்னலுக்கோ வாங்கின மெரூன். எங்களைக் கூப்பிட்டுப் பொரி கடலை கொடுப்பான். சந்தனம் குங்குமம் வைத்த வைஸைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: இன்னும் ஒரு பூச்சு ஏறிவிட்டது, இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அவன் மகளே சுரண்டப் போகிறாள். மஞ்சள் கோடு வெளியே வந்தால் என்னவென்று கேட்பாள். அம்மா இல்லாத பெண். அப்பாதான் அவளுக்கு எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஸ்க்ரேப்பர், கம்பி பிரஷ், உப்புத்தாள் எல்லாம் பையில் வைத்தேன். கூடவே ஒரு சின்ன டப்பாவில் கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டேன். அந்த மூலையை நானே சுரண்டுவது. மஞ்சள் தெரிந்தால் யாரும் பார்ப்பதற்குள் பூசிவிடுவது. இதுதான் என் திட்டம்.

“பெயிண்டு எதுக்கு? சொரண்டத்தான போறோம்?” என்று தனம் கேட்டாள்.

“இருக்கட்டும்” என்றேன்.

வர்ணம் எண்ணியது

கடைக்கு வெளியே புங்கமரத்து நிழலில் பழைய கதவு ஒன்றைப் போட்டு அதன்மேல் வைஸை வைத்திருந்தார்கள். மேஜையிலிருந்து கழற்றிவிட்ட வைஸைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். குளிப்பாட்டுவதற்காக உட்காரவைத்த ஆள் மாதிரி இருக்கும். கன்னியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வா மச்சான். என் பொண்ணு அதுக்கு ஜாதகம் எழுதப் போறாளாம். எனக்கே எழுதல, இரும்புக்கு எழுதறா.”

கலைவாணி போனைக் காட்டினாள். பழைய கருவிகளைச் சேகரிக்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். அதில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா. வைஸ் என்றால் அவருக்கு உயிராம். வீட்டில் நாற்பது ஐம்பது வைஸ் வைத்திருக்கிறாராம். பல் பிடுங்குகிறவருக்குத் தாடைமேல் ஆசை வருவது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

கலைவாணி பக்கவாட்டில் ஓர் இடத்தில் உப்புத்தாளைச் சரிவாகப் பிடித்துத் தேய்த்தாள். பெயிண்ட் அப்பளம் கனத்துக்கு இருந்தது. தேய்க்கத் தேய்க்க நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக வந்தன. நான் அந்த மாதிரி பார்த்ததே இல்லை. நீலம், பச்சை, வெள்ளி, மெரூன், மறுபடி நீலம், ஒரு மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் என் கை பை பக்கம் போனது. அது ஆட்டோக்காரர் ஒருவர் கொடுத்த பெயிண்டாம்.

விரல் வைத்து எண்ணினாள். “பதினெட்டு. வருஷத்துக்கு ஒரு கோட்டு. அப்போ இது நம்ம கடைக்கு வந்து பதினெட்டு வருஷம்தான் ஆவுது. நான் பொறந்தப்போ வாங்குனேன்னு நீ சொன்னியேப்பா? எனக்கு இருவத்திமூணு.”

“நான் எதுக்கும்மா பொய் சொல்லப் போறேன்?” என்றான் கன்னியப்பன்.

எனக்கு உள்ளே ஒரு விளக்கு ஏற்றினது போல இருந்தது. பதினெட்டு வருஷம்தான் என்றால், பட்டறையில் வைஸ் காணாமல் போய் ஏழு வருஷம் கழித்து வந்த வைஸ் இது. திருடியதை ஏழு வருஷம் யார் ஒளித்து வைப்பார்கள்? பை பக்கம் போன கையை எடுத்துக்கொண்டேன்.

தனம் முறத்தில் பொரியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள்: “கணக்கு தப்புடி. சாவு வுழுந்த வருஷம் பூஜ ஏது, பெயிண்டு ஏது? எங்கம்மா செத்த வருஷம் இல்ல. நைனா செத்த வருஷம் இல்ல. பெரியப்பா ஒண்ணு. அண்ணனுக்குக் கை வுழுந்த வருஷம் எவன் பூஜ போட்டான்? அது ஒண்ணு. அப்புறம்…”

நிறுத்திவிட்டாள். கலைவாணி முடித்தாள். “அம்மா தவறுன வருஷம்.”

பிறகு அவளே ஆணியால் கதவின்மேல் கூட்டல் போட்டாள். பதினெட்டும் ஐந்தும் இருபத்திமூன்று.

கன்னியப்பன் சொன்னது சரியாகிவிட்டது. எனக்குத்தான் விளக்கு அணைந்தது. காணாமல் போனதற்கும் இது வந்ததற்கும் இரண்டே வருஷம். இரண்டு வருஷம் ஒரு பொருளை வைக்கோலுக்குள் வைத்திருக்கலாம்.

அதற்கு மேலும் தேய்த்தாள். பதினெட்டு நிறத்துக்கும் அடியில் சாம்பல் வந்தது. ஒன்று இல்லை, சாம்பலுக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே சாம்பல்.

“அட, இதுக்கு முன்ன வெச்சிருந்தவன் ஒரே கலரா அடிச்சிருக்கான்” என்றாள் சந்தோஷமாக.

என் கை மறுபடி பை பக்கம் போனது.

கோதுமையா, நெல்லா

முன்பக்கத்து எழுத்தை இருவரும் சேர்ந்து சுரண்டினோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எனக்குத் தெரியும். பேரிங் பெட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இரண்டு எழுத்துகள் வந்தன. கீழே ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில். பக்கத்தில் 4 என்ற எண். அது தாடையின் அகலம், நான்கு அங்குலம். எழுத்துகளுக்கு நடுவில் ஒரு கதிர்.

“நெல்லு. தஞ்சாவூரு பக்கம் செஞ்சிருப்பான்” என்றாள் தனம். செய்யூரில் குடியிருக்கும் எங்களுக்குக் கதிர் என்றால் நெல்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலைவாணி படம் எடுத்து அனுப்பினாள். பல் டாக்டரம்மாவின் குரல் வந்தது. “கண்ணு, நெல்லுங்களா அது? நெல்லு முத்துனா தல குனிஞ்சிருக்குமுங்க. இது நிமுந்து நிக்குது பாருங்க. கோதுமைங்க. பஞ்சாப் பக்கத்துல ஒரு சின்ன வார்ப்படப் பட்டற. பின்னால மூணு கதிர் போட்டாங்க. ஒத்தக் கதிர் மொதக் காலத்துது. திருகு மரை சதுரமா இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க.”

திருகாணியைச் சுற்றி ஓடும் வெட்டு, அதாவது மரை, சதுரமாகத்தான் இருந்தது. கலைவாணி அதையும் படம் எடுத்து அனுப்பினாள். பதிலுக்காக உட்கார்ந்தாள்.

முதலாளி வெள்ளைக்காரன் வைஸ் என்று சொன்னாரே, இது பஞ்சாப் வைஸ் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவர் வார்த்தை எனக்குத் தெரியும். உள்ளூர் அரிசியை ‘ஆந்திராவிலேர்ந்து வர்றது’ என்று சொல்லுகிறவர். அவர் படித்துப் பார்த்தா வெள்ளைக்காரன் என்றார்?

மஞ்சள் கோடு ஒன்றுதான் சாட்சி.

“பின்பக்கம் நான் பாக்கறேம்மா” என்று சொல்லி வைஸைத் திருப்பி, என் முதுகு மற்றவர்களுக்குத் தெரியும்படி குந்தி உட்கார்ந்தேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்து காலடியில் வைத்தேன். வலது மூலையில் ஸ்க்ரேப்பரைப் போட்டேன்.

நீலம் போயிற்று. பச்சை போயிற்று. சாம்பல் வந்தது. நிறுத்திவிட்டேன்.

“மச்சான்.”

கன்னியப்பன் எழுந்து என் பின்னால் வந்து நின்றிருக்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் டப்பாவைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். அந்த மூலையைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் இப்போதும் பார்க்கிறேன்.

“பித்தளையா தேடுற?”

டப்பாவை மூடப் போனேன்.

“சொரண்டு” என்றான். “பாதியில வுடாத. முழுசா சொரண்டு.”

சுரண்டினேன். கம்பி பிரஷ் போட்டேன். உப்புத்தாள் போட்டேன். மூலை முழுவதும் வெறும் இரும்பு, ஒரே வார்ப்பு. கீறல் இல்லை, ஒட்டு இல்லை. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. இடது மூலையையும் சுரண்டினேன். அங்கேயும் இல்லை.

“இன்னா பித்தள?” என்று கேட்டபடி கலைவாணி வந்தாள். தனமும் முறத்தோடு வந்தாள்.

நான் சொன்னது

நான் நிறையப் பேசியது அன்றைக்குத்தான். ஸ்க்ரேப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். மூலை உடைந்தது, அவன் ஒட்டிக்கொடுத்தது, நான்கு போல்ட், சாக்கு மூட்டை, முதலாளி கேட்டது, டப்பாவில் பெயிண்ட் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் தனம்தான் வாயைத் திறந்தாள். “எங்கண்ணன திருடன்னு நெனச்சிகினுதான் எங்கூட இத்தினி வருஷம் குடும்பம் பண்ணியா நீ?”

கன்னியப்பன் அவளைக் கையமர்த்தினான். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தான். அந்த நாலடி நடக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

“நீ டீக்கட ஓரமா நின்னத நான் பாத்தேன்” என்றான். “மூட்டைய பாத்ததையும் பாத்தேன். மறுநாளு ஓனரு கேட்டப்போ நீ வாய தொறக்கல. மத்தவனுங்க எல்லாம் ‘பாக்கல’ன்னானுங்க, நீ அதுகூட சொல்லல. இவன் ஒருத்தன்தான்டா நம்மள நம்புறான்னு நெனச்சேன். அதுக்குத்தான் தங்கச்சிய குடுத்தேன்.”

வாசகருக்கு விடை இதுதான்.

அந்த வார்த்தை விழுந்த இடத்தில் எனக்கு இன்னும் வலிக்கிறது. இருபத்தைந்து வருஷம் நான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். ரகசியம் காக்கிறவன் என்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதைகூட இருந்தது. ஒரே ஒரு நாள், ‘மூட்டையில இன்னா இருந்துச்சி மச்சான்’ என்று கேட்டிருந்தால் போதும்.

“ஏண்டா கேக்கல?” என்றான் அவனும்.

“கேட்டா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுவியோன்னு பயம்” என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகத்தான் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“மூட்டையில இன்னாப்பா இருந்துச்சி?” கலைவாணி கேட்டாள்.

“பலாப்பழம்.”

“பலாப்பழமா?”

“முழுப் பழம். உங்கம்மாவுக்கு. அப்போ இன்னும் கல்யாணம் ஆவல. அவளுக்குப் பலாப்பழம்னா உசுரு. செய்யூரு வரைக்கும் பஸ்ஸுல எடுத்துகினு போவணும். முள்ளு குத்தும்னு சாக்குல கட்னேன். ஓனரு ‘ஞாயித்துக்கிழம எங்கடா போன’ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? பட்டறையில நாலு தடியனுங்க எதுருல அவ பேர சொல்ல முடியுமா? திருடன்னு சொன்னா சொல்லிக்கட்டும்னு சாவிய வீசிட்டு வந்துட்டேன்.”

“அம்மா எங்கிட்ட சொன்னதே இல்ல” என்றாள் கலைவாணி.

“பாதிப் பழத்த ஒரே ராவுல தின்னுட்டு மூணு நாளு வவுத்து வலி. வெளிய சொல்வாளா?”

கலைவாணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் விழுந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தனம் மூக்கை உறிஞ்சியபடி முறத்தைக் கீழே வைத்தாள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பட்டறை வைஸை எவன் எடுத்தானோ, தெரியாது. கன்னியப்பனுக்கும் தெரியவில்லை.

போன் சத்தம் கொடுத்தது. டாக்டரம்மா. “சதுர மரைங்களா, அப்ப சந்தேகமே இல்லைங்க. சுதந்திரம் வந்து பத்துப் பதினஞ்சு வருசத்துக்குள்ள வார்த்ததுங்க. இந்த ஒத்தக் கதிர் எங்கிட்டக்கூட இல்லைங்க கண்ணு. நல்லா வெச்சுக்குங்க. அப்புறம், இது யாரோட வைஸு, எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி பேசி அனுப்புனீங்கன்னா நோட்டுல எழுதி வெச்சுக்குவேன்.”

கலைவாணி குரல் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தினாள். அப்பாவிடம்தான் நீட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் வாயருகே நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“நீ சொல்லு மாமா.”

எனக்குப் போனில் தெரியாதவர்களிடம் பேச வராது. அவளுக்கும் அது தெரியும். “இது… எங்க மச்சான் கன்னியப்பனோட வைஸு. அவரு சொந்தமா வாங்குனது” என்றேன்.

“இன்னாமோ முணுமுணுக்கறான்” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “கோயம்புத்தூருக்குக் கேக்க வாணாமா? சத்தமா சொல்லச் சொல்லு.”

மறுபடி சொன்னேன்.

“எனக்கே கேக்கல.”

நான் எழுந்து நின்றேன். மூன்றாவது தடவை சொன்னபோது, சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்காக நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.